ஒரு கூடை மணல்

1935 நவம்பர் முதலாந் திகதி மாலை. கண்டியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், நீளம் பாயும் குழியிலிருந்து மணல் அள்ளிக்கொண்டிருந்த மதலேனாவை மாணவன் கறுப்பையா கையும் களவுமாகப் பிடித்துவிட்டான்.

"சுவக்கின், இங்க பாருடா! நாளைக்கு நீ விழப்போற மெத்தைய இந்தம்மா சுருட்டிக்கிட்டுப் போறாங்க!"

"யாருக்கும்மா மணல்?" என்று சுவக்கின் கேட்டான்.

"என் மகன் வலன்ரைனுக்குத் தம்பி. அவனும் இங்கதான் பாய்வான். இந்த மணல்னா அவனுக்கு உசுரு."

சுவக்கின் தானே கூடையை நிரப்பித் தூக்கிவிட்டான். "உங்க மகனை எனக்காக ஒரு செபம் சொல்லச் சொல்லுங்கம்மா. எவ்வளவு தூரம் பாஞ்சாலும் பின்பக்கமா விழுந்து, கைய ஊன்றி அளவைக் கெடுத்துடுறேன்."

"சொல்றேன் தம்பி."

மறுநாள் ஒரே பனிமூட்டம். கொழும்புப் போட்டிக்கு ஆள் எடுக்கும் கடைசிப் பாய்ச்சல். மணலில் கால் பதிந்ததும் சுவக்கின் வழக்கம்போல் பின்னால் சரிந்தான். ஆனால் யாரோ முதுகில் கைகொடுத்து நிமிர்த்தியதுபோல் நின்றுவிட்டான்.

"கொழும்புக்குப் போறடா!" என்று கட்டிக்கொண்ட கறுப்பையா, "முதுகுல யாருடா தட்டினது?" என்றான். பனியனில் ஐந்து விரலும் ஈரமணலாகப் பதிந்திருந்தன.

அன்று இறந்தோரை நினைவுகூரும் சகல ஆத்துமாக்கள் திருநாள். நன்றி சொல்ல அப்படியே கோயிலுக்கு ஓடிய சுவக்கின், பக்கத்துச் சேமக்காலையில் மதலேனாவைக் கண்டான். ஒரு கல்லறைமேல் மணல் பரப்பி, மெழுகுதிரி ஏற்றியிருந்தாள். சிலுவையில் வலன்ரைன் என்று எழுதியிருந்தது.

"காலையிலதான் பரப்பினேன் தம்பி. அதுக்குள்ள யாரோ ஒரு கைப்பிடி எடுத்திருக்காங்க."

மணலின் நடுவே சின்னப் பள்ளம். சுவக்கின் பனியனைக் கழற்றி, ஒட்டியிருந்த மணலை அந்தப் பள்ளத்திலேயே மெல்ல உதறிவிட்டு, முழந்தாளிட்டான்.