காரின் முதுகில் கடவுள்

'கடவுளை நம்புகிறோம்' என்று போலீஸ் ரோந்துக் கார்களின் பின்பக்கம் பெரிதாக ஒட்டியதிலிருந்து டெக்சாஸின் அந்தச் சின்ன ஊரில் ஷெரிப் வெண்டலுக்கு ஒரே பாராட்டு. அடுத்த மாதம் ஷெரிப் பதவிக்குத் தேர்தல் வேறு. அந்த நேரம் பார்த்து அவருடைய அலுவலகத்தில் ஒருவர் மனுவோடு வந்து நின்றார்.

"அந்த ஸ்டிக்கரை எடுத்துடுங்க ஷெரிப்."

"ஏன் சார்? டாலர் நோட்டுலயும் அதானே போட்டிருக்கு. நோட்டையும் தொட மாட்டீங்களோ?"

"நோட்டு நடுரோட்டுல நின்னு போறதில்லையே! உங்க வண்டி தினமும் நிக்குது. தள்ளுறவங்க விடுற வசவெல்லாம் கடவுள் பேருக்கு நேராத்தான் விழுது. நேத்து நானும் தள்ளினேன். என் வாயும் சும்மா இருக்கலை."

வரிசையில் காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தனையும் ஓட்டு! வெண்டலுக்குச் சுருக்கென்றது.

"உங்களை மாதிரி நாத்திகருக்கு எங்க நம்பிக்கையெல்லாம் எங்கே புரியப்போகுது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "மழையோ வெயிலோ, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல முன்வரிசையில உக்கார்றவன் நான்!"

"எந்தச் சர்ச்சு?"

"ஓக் தெரு சர்ச்சு. சந்தேகம்னா போய்க் கேளுங்க. எங்க பாஸ்டரே சொல்வார்."

வந்தவர் தலையைச் சொறிந்தார்.

"நான் யார்கிட்டன்னு போய்க் கேக்கிறது ஷெரிப்? எட்டு மாசமா அங்கே பாஸ்டர் நான்தானே!"