ஆளுக்கொரு பட்டை

படகு கவிழ்ந்தபோது அப்பாவின் கை தன் பிடியிலிருந்து நழுவி அவர் மூழ்கிவிட்டார் என்றுதான் கிளாட்வின் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குக் குடி. இருபத்திரண்டு வயது.

மருத்துவமனையில் குடிப்பழக்கத்துக்கும் துக்கத்துக்கும் சேர்த்துச் சிகிச்சையாக, அவனுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு கைப்பட்டை மாட்டினார்கள். மனதை மறைத்துப் பேசினால் பட்டை கூவும். கூவினால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மழை பிடித்ததும் அவன் மதுக்கடைக்குக் கிளம்பினான்.

“எங்கல போற?”

“ஒண்ணுமில்லம்மா, சும்மா.”

அவன் பட்டை கூவியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“நழுவலம்மா. நாந்தான் கைய விட்டேன். ரெண்டு பேரும் முங்கிருவோம்னு…”

அவன் அழுது முடிக்கும்வரை அவள் நகரவில்லை.

“உனக்கு எப்படிம்மா இருக்கு?” அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

“எனக்கென்னல, ஒண்ணுமில்ல.”

முதன்முறையாக அவள் பட்டை கூவியது. எழப்போனவளின் கையைப் பிடித்து உட்காரவைத்தான். பிடியை விடவில்லை.