காந்தாவுக்கு ஒரு நாள்

ஏற்றத்தில் சைக்கிள் நின்றேவிட்டது.

கேரியரிலிருந்து ஜெயம்மா இறங்கிக்கொண்டாள். வரதன் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மலையைக் கண்டாலே எரிச்சல். இந்த வளைவோடு முடிந்தது என்று நினைத்தால் அதற்கு மேலே இன்னொரு வளைவு இருந்தது.

ஆந்திராவில் அன்று பந்த். ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஒரு பஸ்ஸும் போகாது என்று தெரிந்ததும், மீன் விற்கிற சைக்கிளில் கூடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு மனைவியை உட்காரவைத்துக்கொண்டு சுண்ணாம்புக்குளத்திலிருந்து கிளம்பிவிட்டான்.

தடாவுக்குப் பிறகு கடைப் பலகைகளெல்லாம் தெலுங்கு. வழி கேட்ட இடத்திலெல்லாம், மீன் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள்.

மகள் காந்தா செத்துப்போயிருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், அவள் வாழப்போன ஊரில், காய்ச்சலில். விடியற்காலையில் மருமகன் போன் செய்து அழுதான். நீங்கள் வரும்வரை எடுக்க மாட்டோம், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள் என்றான்.

அவள் வீட்டுக்கு வரதன் போவது இதுதான் முதல் தடவை. பஸ் ஓடிய நாட்கள் எத்தனையோ இருந்தன. ஒரு நாள் வந்திருக்கலாம்.

இனி அவளுக்குச் செய்ய ஒன்றுதான் பாக்கி.

குப்பத்தில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் மீன் பிடிக்க ஏரியில் இறங்க மாட்டார்கள். செத்தவர் எங்கே செத்தாலும் சரி. மஸ்கட்டில் செத்த அங்கமுத்துவுக்காகக்கூடப் படகுகள் கரையிலேயே கிடந்தன. அன்றாடம் காய்ச்சிகள் ஒரு நாள் பிழைப்பை விட்டுக்கொடுக்கிற மரியாதை அது.

காந்தாவுக்கு அது கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேதான் வழியெல்லாம் மிதித்தான். பெத்தவன் கொடுக்காததை ஊராவது கொடுக்கட்டும்.

கிளம்பும்போது குப்பத்துத் தலைவர் பொன்னுரங்கம் வீட்டில் இல்லை. அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மலை உச்சியில் போனுக்கு சிக்னல் கிடைத்தது. வெகு தூரத்தில், கீழே, ஏரி வெறும் கோடாகத் தெரிந்தது. அதில் படகு இருக்கிறதா இல்லையா என்று அங்கிருந்து சொல்ல முடியாது.

தலைவரைக் கூப்பிட்டான். அவர் எடுத்ததும் முதலில் கேட்டது படகு இன்ஜின் சத்தம்.

"கோச்சிக்காத மச்சான். காந்தாவுக்குனு அன்னிக்கே ஒரு நாள் நின்னோமே. ஒரே உசுருக்கு ரெண்டு வாட்டி எப்டி நிறுத்தறது, நீயே சொல்லு" என்றார் பொன்னுரங்கம்.



பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்கு மதில் கட்ட வந்த மலைக்காரப் பையனோடு காந்தா போய்விட்ட அன்று, கோயில் முன்னால் நின்று, என் மகள் செத்துவிட்டாள் என்று கத்தியவன் வரதன்தான். ஏரியில் இறங்கித் தலை முழுகினான். சாவு என்றால் சாவுதான், படகுகளை நிறுத்துங்கள் என்று பிடிவாதம் பிடித்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை. பெத்தவனே சொல்லும்போது ஊர் என்ன செய்யும்? நின்றது.

அன்றைக்கு அவள் இந்த மலைக்கு அந்தப் பக்கம் புது அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருப்பாள். உயிரோடு இருந்தவளுக்கு அவளுடைய நாளைச் செலவழித்துவிட்டான். அன்று கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

போனை மடியில் செருகிக்கொண்டான்.

"இன்னா சொன்னாரு? நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள் ஜெயம்மா.

"நிறுத்திட்டாங்களாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். இனி இறக்கம்தான். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை; பார்த்துப் போ என்று மட்டும் சொன்னாள்.

இன்ஜின் சத்தம் அவளுக்கும் கேட்டிருந்தது.