கோட்டுக்கு அந்தப் பக்கம்

"ஐயா, என் வீட்டை டவுன் பக்கம் தள்ளிடுங்க!"

எல்லைக்கல் நட வந்த ஜப்பானிய சர்வேயரிடம் அண்ணன் கிம்லுங் இப்படிக் கேட்டதும், தம்பி புன்ஹாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம் அது. தைவான் முழுக்க மாவட்டம், டவுன், கிராமம் என்று எல்லாவற்றையும் புதிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோடு கிம்லுங் வீட்டுக்குப் பின்னால்தான் போக வேண்டியது. அவர் கெஞ்சிய கெஞ்சலில் முன்னால் வந்து, வீடு டவுனுக்குள் போய்விட்டது. சர்வேயருக்கென்ன, கல் எங்கே நின்றாலும் கல்தானே!

"என்னண்ணே இது? ஒரே களத்துல நெல்லு காயப் போடுறோம். இனிமே நீ வேற ஊரு, நான் வேற ஊரா?"

"டவுனுக்குக் கரண்டு லைட்டு வரப்போகுதாம்டா," என்றார் கிம்லுங். தம்பி முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வாய்க்கால் கரையில் அவரைக் கண்டாலே, "வாங்க டவுன்காரரே!" என்று ஒரே கேலி.

பூமிசாமி பிறந்தநாள் படையலில் அவருக்குப் பங்கு வைக்கவில்லை.

"பாவங்க, உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் கறி குடுத்துட்டு வாங்க," என்றாள் புன்ஹாய் மனைவி கூய்லான்.

"கரண்டு லைட்டைத் தின்னட்டும்!" என்று கத்தினான் புன்ஹாய். ஆனால் அன்றைக்கு அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

சில நாள் கழித்துப் போலீஸ்காரர் வந்தார். ரோடு போடப் போன கிம்லுங் மகன் ஆசெங், மேஸ்திரியை அடித்துவிட்டு ஓடிவிட்டானாம். அதுவும் கல் நடுவதற்கு முந்தின நாளே!

பத்து வீடு ஒரு கட்டு என்பது ஜப்பான்காரன் சட்டம். ஒரு வீட்டில் தப்பு நடந்தால் பத்து வீட்டுக்கும் தண்டனை. யாரும் கூப்பிடாமலே, கிம்லுங் வீட்டோடு ஒரே கட்டில் இருந்த ஒன்பது வீட்டாரும் வந்து, தலையைக் குனிந்து வரிசையில் நின்றார்கள்.

"நீங்க எதுக்கய்யா நிக்கிறீங்க? வீட்டுக்குப் போங்க," என்றார் போலீஸ்காரர். "அந்த வீடு இப்போ டவுன் கணக்கு. அங்கே இன்னும் எந்தக் கட்டுலயும் சேர்க்கலை. தண்டனை கிம்லுங்குக்கு மட்டும்தான்."

கயிற்றால் கட்டிய கைகளோடு அண்ணன் நடந்தார். புன்ஹாய் அழுதுகொண்டே பின்னால் ஓடினான்.

"எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டியாண்ணே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கிம்லுங் இப்போதுதான் தம்பி முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, அந்தக் கல்லை நட விட்டிருப்பியாடா?"