முன்சீட்டு

கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கிலிருந்து நரின் ஊருக்குக் காலையில் ஒரு மினிபஸ் உண்டு. அதைத் தவறவிட்டால் ஷேர் டாக்சிதான். நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும்.

டாக்சி ஓட்டும் மெதெரின் வண்டியில் பின்சீட்டில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "நரின், நரின்! ஒரு சீட்டு!" என்று அவர் தொண்டை வறளக் கத்தினார். மூட்டையோடு வந்த ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, முன்னாலயும் சேத்து நாலு பேரு இருக்காங்களே. என்னை டிக்கியிலயா போடப் போறீங்க?"

முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. அடுத்து வந்தவரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

"யாராவது முன்னால வந்து உக்காருங்களேன்," என்றார் மெதெர். பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. பத்து மணிக்கு மூன்று பேரோடே அவர் கிளம்பிவிட்டார்.

வழியில் கொச்கோர் ஊர்த் தேநீர்க்கடையில் நிறுத்தியபோது கடைக்காரம்மா ஐந்து கிண்ணங்களில் தேநீர் ஊற்றி வைத்தாள். அவர்கள் எழுந்தபோது ஐந்தும் காலியாக இருந்தன.

நரினில் மூவரும் அவரவர் வாசலில் இறங்கிக்கொண்டார்கள். மெதெர் தன் வீட்டுக்கு வண்டியை விட்டார். அவர் தனியாளாகிப் பன்னிரண்டு வருஷம். தனியே ஓட்டும்போது ரேடியோவை அலற விடுவார். அன்று வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அய்னாஷ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"ஒருவழியா வீட்டுக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டீங்க! சொல்லவே இல்லையேண்ணே!"

மெதெர் மறுக்கவில்லை. சுற்றிப் போய் முன்கதவைத் திறந்தார். ஓர் ஆள் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.