பிந்தாத பஸ்

பொய் எழுதுறதுக்கும் கொஞ்சம் புத்தி வேணும். சந்திரிகாவுக்கு அது இல்லையேன்னுதான் அன்னைக்கு எனக்குத் தோணிச்சு.

பேராதனை கெம்பஸ்ல எங்களுக்கு நிகழ்தகவு எடுத்தவர் சுந்தரலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். "காலமை நீங்கள் ஏறுற பஸ் எத்தனை நிமிசம் பிந்தி வருகுது எண்டு இருபது நாளைக்குப் பாத்து எழுதிக்கொண்டு வாங்கோ"ன்னு சொல்லியிருந்தார். அதுக்கு மார்க்ஸ் உண்டு.

எல்லாரும் எழுதிக் குடுத்தோம். சேர் முதல்ல என் தாளைத்தான் தூக்கிக் காட்டினார்.

"ராஜலிங்கத்தின்ர கணக்கைப் பாருங்கோ. நாலு, பதினொண்டு, ரெண்டு, இருபத்தாறு. பஸ் எண்டால் இப்பிடித்தான் வரும்."

நான் அடக்கமா தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அடுத்தது சந்திரிகாவோட தாள். கடுகண்ணாவையிலருந்து வர்ற பொண்ணு. அதிகம் பேசமாட்டா. முதல் மூணு நாள் பதினேழு, ஒம்பது, இருபத்திரெண்டுன்னு இருந்திச்சு. நாலாம் நாள்லருந்து பூச்சியம், பூச்சியம், பூச்சியம். மொத்தம் பதினேழு பூச்சியம்.

"மூண்டு நாள் நிண்டு பாத்திருக்கிறீர். பிறகு அலுத்துப்போச்சு, என்ன?"

"இல்ல சேர். நெசமாவே நேரத்துக்குத்தான் வந்திச்சு."

வகுப்பே சிரிச்சிச்சு. சேர் என் பக்கம் திரும்பினார்.

"மலை ஏறி வாற பஸ், பதினேழு நாள், ஒரு நிமிசமும் பிந்தேல்லையாம். ராஜலிங்கம், நீர் என்ன சொல்லுறீர்?"

"வாய்ப்பே இல்ல சேர்"னேன், பெரிய நீதவான் மாதிரி.

"கள்ளக் கணக்கெண்டால் மார்க்ஸும் இல்லை, சோதினை எழுதவும் விடமாட்டன்"னு சேர் தாளை மேசையில போட்டார்.

சந்திரிகாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிச்சு. ஆனா உக்காரல.

"வாய்ப்பு கொறைவுன்னா நடக்கவே நடக்காதுன்னு அர்த்தமில்லைன்னு நீங்கதானே சேர் சொல்லிக் குடுத்தீங்க."

அவர் படிப்பிச்ச பாடத்தை வச்சே அவரை மடக்கிட்டா. சேர் மேசையில போட்ட தாளைத் திரும்பக் கையில எடுத்தார்.

"சரி. நாளைக்கு நானே வந்து பாக்கிறன். ராஜலிங்கம், சாட்சிக்கு நீரும் வாரும்."

விடியக் காலையில சேரோட ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்து கடுகண்ணாவைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குக் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. இவ ஒழுங்கா பொய் சொல்லியிருந்தா எனக்கு இந்தத் தொல்லை வந்திருக்குமான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேன்.

பஸ் வர வேண்டியது ஆறு நாப்பதுக்கு. ஆறு முப்பத்தொம்பதுக்கு வளைவுக்குக் கீழ ஹோர்ன் கேட்டிச்சு. ஆறு நாப்பதுக்கு எங்க முன்னால பஸ் நின்னிச்சு. சேர் அவர் கைக்கடிகாரத்தைப் பாத்தார். நம்பிக்கையில்லாம என்னோடதையும் பிடிச்சுப் பாத்தார்.

கண்டக்டர் முஹ்ஸின் மிதிபலகையிலருந்து குதிச்சு, எங்க பக்கத்துல நின்ன சந்திரிகாவைப் பாத்தான்.

"புள்ள, கொப்பி எங்க? இன்னைக்கு எழுதல்லயா?"

ஜன்னலோரமா மரக்கறிக் கூடையோட இருந்த பேச்சியம்மா முணுமுணுத்தாங்க. "இந்தப் பொண்ணு எழுத ஆரம்பிச்சதுலருந்து வழியில ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க விடமாட்டேங்கிறானுங்க."

சேருக்குப் பொறுக்கல. "தம்பி, எப்பிடி ஒவ்வொரு நாளும் இவ்வளவு சரியா வாறியள்?"

"அத ஏன் கேக்கிறீங்க சேர்"னு முஹ்ஸின் ஆரம்பிச்சான். "இந்தப் புள்ள கொப்பியும் கையுமா நிக்கும். என்ன எழுதுறீங்கன்னு மூணாம் நாள் கேட்டேன். பஸ் எவ்வளவு பிந்துதுன்னு எழுதணும், அதுக்குத்தான் மார்க்ஸுன்னு சொல்லிச்சி. பஸ் பிந்தினா புள்ளைக்கு மார்க்ஸ வெட்டுற ஒரு சேர் ஈக்கிறார் போல கெம்பஸ்ல. கல்லு மனசுக்காரர். எங்க டிரைவர் ஹுஸைன் நானாவுக்கு மனசு கேக்கல்ல. நம்ம பஸ்ஸால ஒரு புள்ள பெயிலாகக் கூடாதுன்னு அன்னையிலருந்து தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டுறதையே விட்டுட்டாரு."

ஸ்டியரிங்ல இருந்த ஹுஸைன் நானா கூச்சத்தோட ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். சந்திரிகாவுக்கே அப்பதான் விஷயம் தெரியும். வாயில கையை வச்சுக்கிட்டு நின்னா.

சேர் சிரிக்க ஆரம்பிச்சவர், கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிற அளவுக்குச் சிரிச்சார்.

"தம்பி, அந்தக் கல்லு மனசுக்காரன் நான்தான்."

முஹ்ஸின் கொஞ்சம் முழிச்சான். அப்புறம் சுதாரிச்சுக்கிட்டு, "இன்னைக்கும் டைமுக்குத்தான் சேர் வந்தோம். எழுதிக்கோங்க"ன்னான்.

பஸ்ஸே சிரிச்சிச்சு, பேச்சியம்மா உட்பட. சேர் ஸ்கூட்டர் சீட்டு மேல தாளை வச்சு இருபதுக்கு இருபது போட்டு சந்திரிகா கையில குடுத்தார். "பிள்ளை, குறை நினையாதையும்"னார். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சபடி பஸ் ஏறினா. எனக்கும் உண்மையிலேயே சந்தோஷமாத்தான் இருந்திச்சு. பஸ் கிளம்பும்போது பத்து நிமிஷம் பிந்திப் போச்சு.

ஸ்கூட்டரை உதைச்சுக்கிட்டே சேர் சொன்னார்: "உண்மை பாக்கிறதுக்குப் பொய் மாதிரியும் இருக்கும் போல, ராஜலிங்கம்."

"ஆமா சேர்."

"அப்ப உண்மை மாதிரி இருக்கிறதையும் ஒருக்காப் போய்ப் பாக்கோணும். நாளைக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்கு வாறன். உம்மட பஸ் ஆறே காலுக்குத்தானே?"

ஆறே காலுக்கா, ஏழு மணிக்கா, எனக்கெப்படித் தெரியும்? இருபது நாளும் போர்டிங் கட்டில்ல போத்திப் படுத்துக்கிட்டேதான் நான் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.