எண்ணெய்க் காப்பு

அநியாயம் நடந்த வீட்டார் மிளகாய் அரைத்து அந்த அம்மன் மேல் அப்பிவிட்டுப் போவார்கள். எரிச்சல் தாங்காமல் அவள் நியாயம் கேட்பாள் என்பது நம்பிக்கை. கேட்டுவிட்டால், அரைத்த கையாலேயே எண்ணெய்க் காப்பிட்டு அவளைக் குளிர வைக்க வேண்டும். அதுவரை வேறு கை படக்கூடாது. வேலாத்தாள் அப்பிய மிளகாயில் சிவந்து கிடந்த அம்மனைப் பார்த்துப் பார்த்துப் பூசாரி ஆறுக்குட்டிக்கே உடம்பு காந்தியது. வேலாத்தாளின் மகளைக் கொன்றவன் கிணற்றில் விழுந்து செத்தான் என்று கேட்டதும் அவளைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

வேலாத்தாள் வந்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை. கோயில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, மடியிலிருந்த மிளகாயைக் கொட்டி அரைக்கத் தொடங்கினாள்.

"அதான் அவன் போய்ச் சேந்துட்டானுங்களே அம்மணி. இன்னும் யாரு மேல அரைக்கறீங்க?"

நெடி ஏறி அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. விழுதை வழித்தெடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு அவங்கிட்ட இருந்து தப்பிச்சு என்ற புள்ள இங்கதானுங்க ஓடியாந்துச்சு. இந்தக் கதவத்தான் தட்டுச்சு."

பூசாரியின் கை இடுப்பிலிருந்த சாவிக்குப் போயிற்று. "நான் பூட்டிட்டு ஊட்டுக்குப் போயிட்டனுங்களே, அம்மணி."

"உங்களச் சொல்லலீங்க. உள்ளார ஆளு இருந்துச்சல்லங்க" என்றபடியே, அம்மனின் மூட முடியாத கண்கள் இரண்டிலும் விழுதை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.